நான்காவது கெளுத்தியின் இதயம்

என் பீரோவில், முகூர்த்தப் புடவைக்கு அடியில், ஒரு கறுப்புத் தாள் இருக்கிறது. வழவழப்பான வெள்ளைத் தாளை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரி ஏற்றியது. உருளை சுற்றச் சுற்ற, ஒரு மெல்லிய கம்பியின் முனை அந்தக் கரியைக் கீறி வெள்ளைக் கோடு போடும். கோடு கலையாமல் இருக்க அரக்குக் கரைசலில் முக்கிக் காய வைப்போம். என் தாளில் வரிசையாக மேடுகள் இருக்கின்றன. அகலமான மேடுகள், நிதானமாக ஏறி நிதானமாக இறங்குபவை. என் மருமகள் முதல் தடவை பார்த்தபோது, இதைப் போய்ப் பட்டுப்புடவையோடு வைத்திருக்கிறீர்களே, கரி ஒட்டாதா என்று கேட்டாள். ஒட்டினால் ஒட்டட்டும் என்றேன். ஒரு கெளுத்தி மீனின் இதயம் போட்ட கோடு அது. இந்த மாதிரித் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் துறைத்தலைவரை நேருக்கு நேர் எதிர்த்து நின்றாள். அவள் பக்கத்தில் நான் நின்றேன். அதனால்தான் அது பட்டுப்புடவையோடு இருக்கிறது.

நான் கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். வீட்டில் மூன்று அண்ணன்கள், ஒரு படகு, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு மோட்டார். படித்துக் கிழித்து என்ன ஆகப்போகிறது என்று சொன்னவர்கள் வாயை அடைப்பதற்காகவே லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தேன். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடலியங்கியல் துறையில், தற்காலிக வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தத் 'தற்காலிகம்' ஆறு வருஷமாக நீண்டுகொண்டே போனது. தொண்ணூறுகளின் கடைசி அது. மாணவர்களுக்குத் தவளையின் இதயத்தைத் துடிக்கவிட்டுக் காட்டுவதும், உருளைக்குக் கரி ஏற்றுவதும் என் வேலை. மாலையில் பஸ்ஸில் ஏறினால் என் மூக்குத்துவாரத்தில் கரி இருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். எச்.ஓ.டி. என்று நாங்கள் கூப்பிடும் துறைத்தலைவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்போதுதான் டாக்டரம்மா மேற்படிப்புக்கு வந்து சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. நோயாளியைப் பார்க்கிற படிப்புக்கு இடம் கிடைத்தும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, உடலியங்கியல்தான் வேண்டும் என்று கேட்டு வந்தவர். அப்படி ஒருத்தரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மணிக்கட்டில் பெரிய ஆம்பளை வாட்ச் கட்டியிருப்பார். இதயத்துடிப்பை எண்ணும்போது உதடு அசையும். பக்கத்தில் யாராவது பேசினால், கண்ணைத் திருப்பாமலே ஒரு கையை மட்டும் தூக்குவார். பேசியவர் எச்.ஓ.டி.யாக இருந்தாலும் கை தூக்கப்படும். அந்தக் கையைப் பார்த்த அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். இதயத்தின் அறைகளுக்கு உள்ளே, ரத்தம் உரசிக்கொண்டு போகிற பக்கத்தில், ஒரே ஒரு வரிசை செல்கள் தரைக்கு ஓடு பதித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வெளியே இருப்பது தசை. சுருங்குவதும் விரிவதும் தசையின் வேலை, உள்ளே இருக்கிற படலம் வெறும் மேல்பூச்சு என்றுதான் எல்லோரும் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா அப்படி இல்லை என்றார். அந்தப் படலம் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, தசைக்கு ரசாயனமாக ஏதோ சொல்லி அனுப்புகிறது, எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. வெளிநாட்டில் சிலர் இதைப் பேச ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் கட்டுரைகளின் ஜெராக்ஸ் அவர் பையில் எப்போதும் கசங்கிக் கிடக்கும். எங்கள் துறையில் பேசினால் சிரித்தார்கள். "சுவத்துக்கு அடிச்ச சுண்ணாம்பாம்மா வீட்டைத் தாங்குது?" என்று எச்.ஓ.டி. கேட்டார். சுண்ணாம்பை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன் சார் என்று டாக்டரம்மா பதில் சொன்னார். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். பையன்கள் அதைப் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பத்திக்காக யார் யார் வயிறெரிந்தார்கள் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

ஆரம்பத்திலேயே ஒரு முட்டுக்கட்டை. தவளை கொண்டுவருகிறவர் வருவதை நிறுத்திவிட்டார். எலி, முயல் வாங்கினால் அந்த இதயத்தைச் சூடு குறையாமல் வைத்துக்கொள்ளும் கருவி எங்களிடம் இல்லை. டாக்டரம்மா இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது நாள் நான்தான் கேட்டேன், மீனுடைய இதயம் ஆகாதா என்று. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. மீன் இதயத்தின் உட்புறம் பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும், ஒவ்வொரு துளைக்குள்ளும் அந்தப் படலம்தான் விரிந்திருக்கும், இதைவிட நல்ல இதயம் எங்கே கிடைக்கப்போகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முட்டுக்காட்டு உப்பங்கழியில் என் நடு அண்ணன் வலை போடுவான். கெளுத்தி லேசில் சாகாது. மூடி போட்ட பக்கெட்டில் கழித் தண்ணீரோடு விட்டால் பஸ் பயணத்தைத் தாங்கிவிடும். அப்படித்தான் வாரத்துக்கு மூன்று நாள், திருப்போரூரில் பஸ் மாறி, மீனோடு வேலைக்குப் போனேன். கண்டக்டர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். மீன்கூடையைப் பின்னால் வை என்பார்கள். இது கூடை இல்லை, ஆராய்ச்சி என்பேன். ஒரு தடவை கெளுத்தி முள் குத்தி என் உள்ளங்கை வடை மாதிரி வீங்கியது. ஒரு வாரம் இடது கையாலேயே எல்லா வேலையும் செய்தேன்.

வேலை முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மீனின் இதயத்தை வெளியே எடுத்து, அதற்குள் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகிக் கட்டி, உப்புக் கரைசலை ஓடவிட்டால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத்தின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து நூல். நூல் இழுக்கிற இழுப்பில் கம்பி கரித்தாளில் கோடு போடும். குழாய் செருகும்போது உள்ளே ரத்தம் கட்டியாக நின்றுவிட்டால் கரைசல் ஓடாது. அங்கேதான் என் கைப்பழக்கம் வந்தது. வீட்டில் அண்ணன் மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்தால், எண்ணெய் ட்யூபை வாயில் வைத்து ஊதி அடைப்பு எடுத்துக் கொடுப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. மண்ணெண்ணெய் நாற்றம் வாயைவிட்டுப் போகாது. குழாய் என்றால் காற்று அடி, என் மண்டையில் இருந்தது அவ்வளவுதான். லேப்பில் வாய் வைக்க முடியாதே, அதனால் காலி சிரிஞ்சை எடுத்து இதயத்துக்குள் இரண்டு மூன்று தடவை காற்று அடித்துவிடுவேன். கட்டி தெறித்து வெளியே வந்துவிடும். கரைசல் தடங்கல் இல்லாமல் ஓடும். சுத்தமாக வேலை செய்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. டாக்டரம்மாவின் திட்டப்படி முதலில் படலத்தோடு கோடு எடுக்க வேண்டும், பிறகு ஒரு சோப்பு மருந்தை நொடி நேரம் உள்ளே விட்டுப் படலத்தை மட்டும் உரித்துவிட்டு இன்னொரு கோடு எடுக்க வேண்டும். உரித்த பிறகு மேடு குறுகலாக, சீக்கிரம் சரிந்து விழுவதாக வர வேண்டும். வித்தியாசமே வரவில்லை. உரிப்பதற்கு முன்பே குறுகலாகத்தான் இருந்தது. எச்.ஓ.டி. ஒவ்வொரு மாதமும் தாளைப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு உதிர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார். டாக்டரம்மா ராவும் பகலும் அதே நினைப்பாக இளைத்துப்போனார்.

அந்த ஆடியில் எங்கள் குப்பத்தில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. பத்து நாள் லீவு போட்டேன். மீனை மட்டும் அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். நான் இல்லாத பத்து நாளும் டாக்டரம்மாவே தன் கையால் இதயத்தை மாட்டியிருக்கிறார். அவருக்கு ட்யூப் ஊதுகிற பழக்கம் கிடையாது. கட்டி இருந்தால் கரைசல் தானாகக் கரைத்துக்கொண்டு போகும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். கோடு அகலமாக வந்தது. சோப்பு மருந்து விட்ட பிறகு குறுகியது. அவர் நினைத்தது அப்படியே வந்தது. நான் திரும்பி வந்தேன், மறுபடியும் எல்லாம் குறுகல்.

முதலில் கண்டுபிடித்தது எச்.ஓ.டி.தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த அம்மா வந்தால் ஒரு மாதிரி, வராவிட்டால் ஒரு மாதிரி என்று தாள்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர் வேறு. டெக்னீஷியனின் கவனக்குறைவால் அளவீடுகள் நம்பத்தக்கவையாக இல்லை, ஆகவே இந்த அத்தியாயம் விலக்கிக்கொள்ளப்படுகிறது என்று டைப் அடித்து டாக்டரம்மா மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டால் மற்ற அத்தியாயங்களை வைத்து அந்த வருஷமே பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம். போடாவிட்டால் ஆய்வேட்டுக்கு எச்.ஓ.டி. கையெழுத்து கிடைக்காது. என் கதை அதைவிடச் சுருக்கம். அந்தத் தாள் என் கோப்பில் சேர்ந்தால் நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டாக்டரம்மா அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்வதை ஆரம்பத்திலிருந்து பார்த்தார். நான் சிரிஞ்சை எடுத்துக் காற்றை அடித்தேன். டாக்டரம்மாவின் அந்தக் கை உயர்ந்தது. இது எதுக்கு அக்கா என்று மெதுவாகக் கேட்டார். அடைப்பு எடுக்க என்றேன். தினமுமா? தினமும்தான். மோட்டார் ட்யூப் கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கண் கலங்கினார், பிறகு என்னை உலுக்கி, காற்று பட்டால் அந்தப் படலம் செத்து உரிந்துவிடும் அக்கா, எட்டு மாசமா நான் சோப்பு விடறதுக்கு முன்னாடியே நீங்க உரிச்சுக் குடுத்திருக்கீங்க என்றார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். யாராவது ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாமே.

சாயங்காலம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் இருவருக்கும் சண்டை. தப்பு என்னுடையதுதான், எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று நான் பிடித்த பிடி. "நான் கட கடன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு மீன் விக்கப் போறேன். எனக்கு இன்னா, கடல் கீது. நீ பட்டத்த வாங்கிக்கினு போம்மா" என்றேன். கோபம் வந்தால் எனக்கு 'மேடம்' பறந்துவிடும். டாக்டரம்மா கோபத்தில் தணிந்த குரலில் பேசுகிறவர். "நீங்க காத்து அடிச்சதுதான் எனக்குச் சாட்சி. அது தப்புன்னு எழுதினா, அந்தப் படலம் ஒண்ணுமில்லன்னு நானே எழுதின மாதிரி. நான் எழுத மாட்டேன். உங்களையும் எழுத விட மாட்டேன்." சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று இரண்டு பஸ்ஸை விட்டேன்.

மறுநாள் அவர் எச்.ஓ.டி. அறைக்குப் போய் ஒரு சவால் வைத்தார். ஆறு மீன். எதற்குக் காற்று அடிப்பது, எதற்கு அடிக்காமல் விடுவது என்பதை வெளியாள் ஒருவர் சீட்டெழுதித் தீர்மானிக்கட்டும். டாக்டரம்மா பக்கத்து அறையில் இருப்பார். கரித்தாளில் எண் மட்டும் போட்டுக் கொண்டுவந்து காட்டினால், எதில் படலம் இருக்கிறது, எதில் இல்லை என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒன்று தவறினாலும் அவர் டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.  மூன்று போதும், ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை என்று பேரம் பேசத் தெரியாத ஜென்மம்.

சென்னையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் மெஷின், அதிகம் பேசாதவர். ஆறு சீட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி உறையில் போட்டு வைக்க வேண்டும். அவர் டாக்டரம்மாவோடு பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டார். லேப்பில் நானும் எச்.ஓ.டி.யும் மட்டும். முதல் மூன்று ஒழுங்காகப் போயின. நான்காவது சீட்டில் 'காற்று இல்லை' என்று இருந்தது. இதயத்தை மாட்டினேன். கரைசல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. டாக்டரம்மாவின் வழக்கப்படி தானாகக் கரையட்டும் என்று காத்திருந்தேன். எச்.ஓ.டி. பின்னால் வந்து நின்று, இப்படியா மாட்டுவது, உள்ளே கட்டி நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டுக்கொண்டே, மேசையில் இருந்த காலி சிரிஞ்சை எடுத்தார். இரண்டு தடவை காற்று அடித்தார். கட்டி தெறித்தது. இப்போது ஓடுகிறது பார் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வேண்டுமென்றே செய்தாரா, முப்பது வருஷக் கைப்பழக்கத்தில் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்றால் எதுவும் ஆகாது என்று நம்புகிறவர், அடித்தால் என்ன என்றுகூட நினைத்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. நீளமான வாய் என்று சொன்னேனே, அந்த நிமிஷத்தில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. என் நிரந்தரம் அந்த மனுஷன் கையில் இருந்தது. உருளையைச் சுழலவிட்டுக் கோட்டை எடுத்தேன், தாளில் நாலு என்று எழுதினேன், ஆறையும் முடித்துக் கொண்டுபோய் வைத்தேன்.

டாக்டரம்மா தாள்களைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பேராசிரியர் உறையைப் பிரித்துச் சரிபார்த்தார். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று சரி. நான்காவது தாளில், இதில் படலம் இல்லை, காற்று போயிருக்கிறது என்றார். பேராசிரியர் சீட்டைப் பிரித்து, காற்று இல்லை என்று வாசித்தார். ஐந்தும் ஆறும் சரியாக இருந்தன. எச்.ஓ.டி. டைப் அடித்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்து, பேனாவைத் திறந்து, இரண்டையும் டாக்டரம்மா முன்னால் வைத்தார்.

டாக்டரம்மா பேனாவைத் தொடவில்லை. நான்காவது தாளை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வாட்ச் கட்டிய கையால் ஒவ்வொரு மேடாகத் தடவிக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார்: "சீட்டுல என்ன எழுதியிருந்தாலும் சரி சார். இந்த இதயத்துக்குள்ள காத்து போயிருக்கு."

சீட்டை மீறிப் பேசினார். எழுத்தை மீறி, தலைவரை மீறி, தானே வைத்த பந்தயத்தை மீறிப் பேசினார். அவர் கண்ணில் பட்டதை விட்டுக்கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் நான் சும்மா நின்றிருந்தால் என்னைவிடக் கேவலமான பிறவி இருந்திருக்க முடியாது.

"சார், அதுக்கு நான் காத்து அடிக்கல. நீங்க அடிச்சீங்க" என்றேன்.

பேராசிரியர் காது மெஷினைத் திருகிவிட்டு, என்ன சொன்னாய் என்று கேட்டார். திருப்பிச் சொன்னேன், இந்த முறை இன்னும் சத்தமாக, இரண்டு தடவை என்பதையும் சேர்த்து. எச்.ஓ.டி. முகம் சிவந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் பேச்சு எடுபட்டிருக்காது. அந்த மனுஷனுக்கு நான் கொடுக்கிற ஒரே மரியாதை இதற்காகத்தான். அவர் பொய் சொல்லவில்லை. கட்டி நின்றது, எடுத்துவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்படியென்றால் ஆறும் சரி என்று பேராசிரியர் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து மூடி, எச்.ஓ.டி. கையிலேயே கொடுத்தார்.

எச்.ஓ.டி. அதோடு விடவில்லை. காற்றால் தசையே கெட்டிருக்கலாமே என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டரம்மா இரண்டு வகை இதயங்களுக்கும் ஒரு சொட்டு அட்ரினலின் விட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே வீச்சில் துள்ளின. தசை அப்படியே இருந்தது, போனது படலம் மட்டும்தான்.  அடுத்த மாதம் எச்.ஓ.டி. என்னை ரத்த வங்கிக்கு மாற்றினார். மாற்றட்டும், அங்கேயும் எனக்கு வாய் இருந்தது. நிரந்தரம் இரண்டு வருஷம் கழித்து வந்தது, அதுவும் அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு.

ஆய்வேடு தயாரானதும் டாக்டரம்மா அதைத் தூக்கிக்கொண்டு ரத்த வங்கிக்கு வந்தார். நன்றியுரையில் என் பெயர் இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினேன், அங்கே இல்லை. முகம் சுருங்கியிருக்க வேண்டும். அவர் புத்தகத்தை வாங்கி, செய்முறை என்ற பகுதியைப் பிரித்து விரலை வைத்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உட்படலத்தைக் காற்றால் நீக்கும் இந்த முறையை இந்தத் துறையில் கண்டறிந்தவர் என்று போட்டு, என் பெயர், என் வேலை. கவனக்குறைவு என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. டெக்னீஷியன் பெயர் நன்றியுரையில் இருந்தால் போதாதா, செய்முறையில் எதற்கு என்று எச்.ஓ.டி. கேட்டாராம். "நன்றி சொல்றதுக்கு அவங்க எனக்கு டீ வாங்கிக் குடுக்கல சார். கண்டுபிடிச்சாங்க" என்று இவர் சொன்னாராம். அந்த வரி சேர்த்ததற்கு அவர் ஒப்புதல் வேண்டும். பக்கத்தின் ஓரத்தில், என் பெயருக்கு நேராக, பச்சை மையில் எச்.ஓ.டி.யின் கையெழுத்து இருந்தது.